சரக்கு ஓரிடம், கையெழுத்து ஓரிடம்

கூட்டுப்பங்கு நிறுவனத்தில் முதல் போடுபவர் ஒருவர், அதை எடுத்து ஆள்பவர் வேறொருவர். ஆள்பவர் எழுதிக் காட்டும் கணக்கை, முதல் போட்டவர்களின் சார்பில் பார்த்துக் கருத்துச் சொல்ல இரு தரப்புக்கும் கட்டுப்படாத மூன்றாமவர் ஒருவர் தேவைப்பட்டபோது தணிக்கைத் தொழில் உருவானது. கடைத்தெருவில் ‘ஆடிட்டர்’ என்று அழைக்கப்படுபவர் பெரும்பாலும் வருமான வரியும் ஜி.எஸ்.டி.யும் தாக்கல் செய்து தருபவராக இருக்கிறார். நிறுவனத் தணிக்கையாளரின் வேலையோ, ஒரு நிறுவனத்தின் நிதிநிலை அறிக்கைகள் அதன் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றனவா என்று ஆராய்ந்து, பங்குதாரர்களுக்கு எழுத்தில் கருத்துக் கூறுவதாகும். இவரைப் பங்குதாரர்களே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நியமிக்கின்றனர். இது சட்டப்படியான தணிக்கை எனப்படும். இதற்குப் பக்கத்திலேயே உள்தணிக்கை என்ற இன்னொரு பிரிவும் உண்டு. நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்காக, கொள்முதல் முதல் சம்பளப் பட்டியல் வரை ஒவ்வொரு நடைமுறையும் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஆண்டு முழுவதும் பார்ப்பது அதன் பணி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியதோடு, 200 கோடி ரூபாய் விற்பனையை எட்டிய அல்லது வங்கிக் கடன் 100 கோடியைத் தாண்டிய தனியார் நிறுவனங்களையும் இதற்குள் கொண்டுவந்தது.

இத்தொழிலில் ஒருவர் எப்படி வளர்கிறார் என்பதைச் சித்தூர், திருப்பதிப் பகுதியை வைத்து ஆராய்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 1911ஆம் ஆண்டில் உருவாகி, சென்னை மாகாணத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்த பழைய சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் 4 அன்று நடந்த மறுசீரமைப்பில் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்விரு மாவட்டங்களிலும் தணிக்கைக்கு உரிய பொருள்கள் ஏராளமாகக் குவிந்து கிடக்கின்றன: சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள், கரகம்பாடியிலும் பங்காருபாளையம் அருகிலும் பேட்டரித் தொழிற்சாலைகள், ஸ்ரீகாளஹஸ்தி அருகே ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய் ஆலை, தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டி தொழில் நகரம், ஊருக்கு ஊர் பால் குளிரூட்டு நிலையங்கள். எனினும் இவற்றின் கணக்குகளில் இறுதிக் கையெழுத்து பெரும்பாலும் சென்னையிலோ ஹைதராபாத்திலோ பெங்களூருவிலோ உள்ள தணிக்கை நிறுவனங்களின் பங்காளிகளால் இடப்படுகிறது. எண்ணப்படும் சரக்கு ஓரிடத்திலும் அதற்குப் பொறுப்பேற்கும் பேனா வேறோரிடத்திலும் இருக்கும் இந்த இடைவெளியைக் கடப்பதே, இப்பகுதி இளைஞர் ஒருவரின் தொழில் வளர்ச்சியின் முழுக்கதை என்று சொன்னால் அது மிகையாகாது.

முதற்படி பட்டயக் கணக்காளர் தேர்வு. 1949 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நடத்தும் இத்தேர்வு அடிப்படை நிலை, இடைநிலை, இறுதிநிலை என மூன்று கட்டங்களைக் கொண்டது. ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், தாள்களின் கூட்டுத்தொகையில் 50 விழுக்காடும் பெற்றாக வேண்டும் என்பதால், மற்றத் தாள்களில் நன்றாக எழுதியும் ஒன்றில் சறுக்கி மறுபடியும் அமர்வது இங்கே அன்றாட நிகழ்வு. இடைநிலையின் இரு பிரிவுகளையும் முடித்தவர், பணியில் உள்ள பட்டயக் கணக்காளர் ஒருவரிடம் ‘ஆர்ட்டிகிள்ஷிப்’ எனப்படும் நடைமுறைப் பயிற்சியில் சேர்கிறார். மூன்றாண்டாக இருந்த இப்பயிற்சி 2023இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின்படி இரண்டாண்டாகக் குறைந்தது. பயிற்சிக் காலத்தில் தரவேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகையை ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்பக் கழகம் வகுத்திருப்பதால், திருப்பதியில் பயில்பவருக்கான வரம்பு சென்னையில் பயில்பவருக்கானதைவிடக் குறைவு. ஆனால் மாணவர்களைச் சென்னைக்கு இழுப்பது உதவித்தொகையைவிட அங்கே கிடைக்கும் வேலையின் தன்மைதான். கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் திருப்பதியில் கிளை உண்டு. வகுப்பும் கருத்தரங்கும் அங்கே கிடைக்கும். பட்டியலிடப்பட்ட ஒரு பெரிய நிறுவனத்தின் தணிக்கையில் இரண்டாண்டு ஊறும் வாய்ப்பு உள்ளூர் அலுவலகங்களில் எளிதில் கிடைப்பதில்லை.

பயிற்சியில் சேர்ந்தவருக்குத் தரப்படும் முதல் வேலை ‘வவுச்சிங்’, அதாவது ஏட்டில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ரசீது, ஒப்புதல், வங்கிப் பதிவு ஆகியவை இருக்கின்றனவா என்று ஒட்டிப்பார்ப்பது. சலிப்பூட்டும் வேலை என்று இதைப் பலரும் ஏளனம் செய்கின்றனர். அந்த ஏளனம் பாதிதான் நியாயம். அடுத்து வருவது வெளியாரிடமிருந்து நேரடி உறுதிச் சான்று பெறுவது. நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று நிறுவனமே நீட்டும் கடிதத்தை ஏற்காமல், தணிக்கையாளர் வங்கிக்குத் தாமே எழுதி, பதிலைத் தம் முகவரிக்கே வரவழைக்க வேண்டும் என்பது தணிக்கைத் தரநிலை 505இன் சாரம்.

தபால்காரன் வேலை போலத் தோன்றும் இதன் மதிப்பை அன்றைய ஆந்திரப் பிரதேசத்திலேயே நடந்த ஒரு மோசடி நாட்டுக்குக் கற்பித்தது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஏட்டில் ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்டிருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற குழுமம் ஒன்றின் இந்தியக் கிளைதான் அக்கணக்கைத் தணிக்கை செய்திருந்தது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் தண்டித்தவர்களில் அந்நிறுவனத்தின் முன்னாள் தணிக்கையாளர் இருவரும் அடங்குவர். மேல்முறையீட்டில் தண்டனை பின்னர் நிறுத்திவைக்கப்பட்டது. வங்கியிலிருந்து நேராக வரவேண்டிய ஒரு தாளின் எடை இவ்வளவு என்று தெரிந்தபிறகு, அந்தத் தாளைத் துரத்தும் இரண்டாமாண்டுப் பயிற்சியாளரின் வேலையைச் சிறியதென்று சொல்ல இயலாது.

சரக்கு இருப்பைக் கணக்கெடுக்கும் வேலைக்குச் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளைப் போன்ற பள்ளிக்கூடம் அரிது. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் தமிழர் அழைக்கும் தோத்தாபுரி மாங்காய், பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆலைக்கு வருகிறது. பழுக்கவைத்து, தோலும் கொட்டையும் நீக்கி, கூழைக் கிருமிநீக்கம் செய்து, காற்றுப்புகாப் பைகளில் நிரப்பி, எஃகு டிரம்களில் அடைத்து அடுக்குகின்றனர். வெளிநாட்டுக்குப் போகும் கூழ் சென்னைத் துறைமுகம் நோக்கிப் பயணப்படுகிறது. நிதியாண்டோ மார்ச் 31 அன்று முடிகிறது. அன்று கிடங்கில் இருப்பது முந்தைய பருவத்தில் விற்றது போக எஞ்சிய சரக்கு. பட்டியலிடப்படாத ஆலைகளின் தணிக்கை, செப்டம்பர் 30க்குள் கூட்டவேண்டிய பொதுக்கூட்டத்தை நோக்கி மெதுவாக நகர்வதால், தணிக்கைக் குழு ஜூலையில் ஆலைக்குள் நுழையும்போது கண்ணெதிரே மலைபோல் நிற்பவை புதிய பருவத்து டிரம்கள். மார்ச் இருப்பை அறிய, இன்றைய எண்ணிக்கையிலிருந்து இடைப்பட்ட உற்பத்தியைக் கழித்து, அனுப்பிய சரக்கைக் கூட்டி, பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஆண்டிறுதி நாளன்றே நேரில் நின்று எண்ணுவதும், இயலாதபோது வேறு நாளில் எண்ணி இடைப்பட்ட பரிவர்த்தனைகளைச் சோதிப்பதும் தரநிலை 501 வகுக்கும் வழிகள்.

எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்பவர் இத்தொழிலில் நெடுந்தூரம் போவதில்லை. டிரம்மில் உள்ளது எந்தப் பருவத்துக் கூழ், அதன் காலாவதி எப்போது, சந்தை விலை அடக்கவிலைக்குக் கீழே இறங்கிவிட்டதா, வங்கியிடம் அடகு வைத்த சரக்கை அடகு என்று குறிப்பிட்டிருக்கிறதா, வாடிக்கையாளருக்காகப் பதப்படுத்தித் தரும் சரக்கை ஆலை தன் சரக்காகக் காட்டியிருக்கிறதா என்ற கேள்விகள் அதன்பின்தான் தொடங்குகின்றன. மாங்காயில் ஏறத்தாழப் பாதிதான் கூழாகத் தேறும் என்பதால், எடைமேடைச் சீட்டுகளின்படி உள்ளே வந்த டன்களும் ஏட்டின்படி வெளியே வந்த கூழும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே, எழுதப்படாத விற்பனையோ வராத மாங்காய்க்கு எழுதிய கொள்முதலோ வெளிப்பட வாய்ப்புண்டு. விவசாயியிடம் வாங்கியதற்கு விலைப்பட்டியல் கிடையாது. தெலுங்கில் எழுதிய சீட்டும் ஊர்ப் பெயரும்தான் ஆதாரம். 2025 பருவத்தில் விலை வீழ்ந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் சேர்த்து 12 ரூபாய் விவசாயிக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அத்தகைய ஆண்டில், ஆலை எந்த விலையில் கொள்முதலை ஏட்டில் ஏற்றியிருக்கிறது, விவசாயிகளுக்குத் தரவேண்டிய பாக்கி முழுதாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்பவர்தான் கணக்கைப் படித்தவர். தெலுங்குச் சீட்டைப் படிக்கவும், தமிழ் பேசும் லாரி ஓட்டுநரிடம் விசாரிக்கவும், ஆங்கிலத்தில் பணித்தாள் எழுதவும் தெரிந்த நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதி இளைஞர்களுக்கு இங்கே பெருநகரத்துக் குழுவினரிடம் இல்லாத கைம்முதல் உண்டு. அதைப் பலரும் தகுதியாகவே எண்ணுவதில்லை என்பது வியப்பு.

தேர்வு முடித்து, குழுவை முன்நின்று நடத்தும் ‘சீனியர்’ ஆகும்போது வேலையின் இயல்பு மாறுகிறது. கண்ணால் காணக்கூடிய சரக்கிலிருந்து, நிர்வாகம் மதிப்பிட்டு எழுதிய எண்களுக்கு அவர் நகர்கிறார். பேட்டரித் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் நிறுவிய அமர ராஜா, 2000இல் அமரான் பேட்டரிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்து, 2022-23இல் 10,000 கோடி ரூபாய் வருவாயைத் தாண்டி, 2023இல் அமர ராஜா எனர்ஜி அண்ட் மொபிலிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. எந்தப் பேட்டரி நிறுவனமும் விற்கும் ஒவ்வொரு பேட்டரியோடும் உத்தரவாதம் தருகிறது. அவற்றில் எத்தனை பழுதாகித் திரும்பி வரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டு, அச்செலவை இந்த ஆண்டின் கணக்கிலேயே ஒதுக்க வேண்டும். ஒதுக்கீட்டைச் சற்றுக் குறைத்தால் லாபம் கூடும்; குறைத்ததற்கு ரசீது எதுவும் இராது. முந்தைய ஆண்டுகளின் மதிப்பீடு பலித்ததா, புதிய மாதிரியின் பழுது விகிதம் எவ்வளவு என்று தரவைக் கொண்டு வாதிடத் தெரிந்தவரே இங்கே தேவைப்படுகிறார். 2023 ஜனவரி இறுதியில் அமர ராஜாவின் சித்தூர் பேட்டரி ஆலை ஒன்றில் தீ விபத்து நேர்ந்ததைப் போன்ற நிகழ்வு, கணக்கில் வேறு வகைக் கேள்விகளை எழுப்புகிறது. எரிந்த இயந்திரத்தையும் சரக்கையும் நட்டமாக உடனே எழுதியாக வேண்டும். காப்பீட்டு நிறுவனம் தரப்போகும் இழப்பீட்டையோ, அது வருவது ஏறக்குறைய உறுதி என்ற நிலை எய்திய பிறகே வரவாகக் காட்டலாம் என்று கணக்கியல் விதி சொல்கிறது. அந்த உறுதி எந்த நாளில் பிறந்தது என்பதை முடிவு செய்ய ஆவணத்தைப் போலவே அனுபவமும் வேண்டும்.

ஸ்ரீசிட்டி இன்னொரு பாடம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், 2008இல் தொடங்கிய இத்தொழில் நகரத்தில் இசுசு, கோபெல்கோ, டைகின் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களும், அல்ஸ்டாம், மாண்டலீஸ், கோல்கேட் போன்ற மேலை நிறுவனங்களும் ஆலைகள் வைத்துள்ளன. இவற்றில் பலவற்றின் பங்குகள் ஏறத்தாழ முழுவதும் கடல் கடந்த தாய் நிறுவனத்தின் கையில் உள்ளன. தாய் நிறுவனத்திடமே உதிரிபாகம் வாங்கி, அதற்கே உரிமத்தொகையும் செலுத்தும்போது, அந்த விலை வெளியாரிடம் பேரம் பேசி அடைந்த விலையை ஒத்திருக்கிறதா என்பதைத் தணிக்கையாளர் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்குள் சுங்கவரியின்றி வந்த பொருள் உள்நாட்டுச் சந்தைக்குப் போனால் வரி கட்டப்பட்டதா என்பது மற்றொன்று. இங்குள்ள கணக்கு, டோக்கியோவிலோ பாரிசிலோ உள்ள குழுமத் தணிக்கையாளருக்கு அவர் கேட்ட வடிவில், அவர் குறித்த தேதியில் போய்ச் சேரவேண்டும் என்பதால், சென்னையிலிருந்து நாள்தோறும் வாகனத்தில் வந்துபோகும் குழுக்களுக்கு இந்திய நிதியாண்டு ஒன்றும் வெளிநாட்டு நிதியாண்டு ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு அறுவடைக் காலம் வாய்த்துவிடுகிறது.

பதவிப் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும், அசோசியேட், சீனியர், மேனேஜர், டைரக்டர், பார்ட்னர் என்ற வரிசை பொதுவானது. ஒவ்வொரு படியிலும் தாமே செய்த வேலை குறைந்து, பிறர் செய்த வேலையைச் சோதித்துப் பொறுப்பேற்பது கூடுகிறது. வேலை நேரத்தைப் பற்றி மென்மையாகச் சொல்வதில் பயனில்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டு முடிவுகளை 60 நாளிலும், காலாண்டு முடிவுகளை 45 நாளிலும் வெளியிட வேண்டியிருப்பதால், ஏப்ரலும் மே மாதமும் தணிக்கை அலுவலகங்களில் இரவு பகல் பேதமற்றுப் போகின்றன. ஊரில் கோவில் திருவிழாவும் மாம்பழமும் வரும் அதே கோடையில், பெருநகர விடுதியில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருப்பதே இத்தொழிலின் இளமைக்காலம். கையெழுத்திட்ட பின்னும் பணித்தாள்களை 60 நாளுக்குள் ஒழுங்குபடுத்தி முடித்து, ஏழாண்டு பாதுகாக்க வேண்டும். ஏனெனில் எழுதி வைக்காத சோதனையைச் செய்யாத சோதனையாகவே பின்னால் வரும் ஆய்வாளர் கருதுவார்.

இந்த நெருக்கடியில் பலர் மேனேஜர் நிலையை எட்டும் முன்பே நிறுவனங்களின் உள்தணிக்கைத் துறைக்கு மாறுகின்றனர். திருப்பதிப் பகுதிக்குத் திரும்ப விரும்புபவருக்கு இதுவே நேரான வழி. கையெழுத்து வெளியூரில் இருந்தாலும், உள்தணிக்கையாளர் ஆலைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். பெரும்பான்மையும் சார்பற்ற இயக்குநர்களைக் கொண்ட தணிக்கைக் குழுவிடம் நேரடியாக அறிக்கை வைக்கும் உரிமை உள்தணிக்கைத் தலைவருக்கு உண்மையிலேயே தரப்பட்டிருக்கிறதா, அல்லது நிதி அதிகாரியின் கீழ் இன்னொரு எழுத்தராக அவர் இருக்கிறாரா என்பதை, சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்பது நல்லது. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார் என்ற தடயம் அழியாமல் பதிவாக வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், தகவல் அமைப்புத் தணிக்கைக்கான சிசா, உள்தணிக்கைக்கான சி.ஐ.ஏ. ஆகிய பன்னாட்டுச் சான்றிதழ்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்வை முடிக்க இயலாமல் நின்றவர்களுக்கும் இச்சான்றிதழ்கள் ஒரு கதவு. சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாவிட்டாலும், உள்தணிக்கையில் அவர்கள் துறைத்தலைவர் நிலைவரை உயர்வதற்குச் சட்டத் தடை இல்லை.

பெண்களுக்கு இத்தொழிலில் நீண்ட தென்னாட்டு மரபு உண்டு. இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்காளரான ஆர். சிவபோகம், 1933இல் அன்றைய கணக்கியல் பட்டயத் தேர்வை முடித்துச் சென்னையில் தொழில் நடத்தியவர். தென்னிந்திய மண்டலக் குழுவின் தலைவராகவும் இருந்தார். வெளியூர் ஆலைகளில் வாரக்கணக்கில் தங்கும் வேலைமுறை, குழந்தை பிறந்த பின் பெண்களை இத்தொழிலிலிருந்து சத்தமின்றி வெளியேற்றுகிறது என்பது அந்த மரபுக்கு நேர்ந்திருக்கும் முரண்.

சொந்த அலுவலகம் வைத்திருக்கும் சித்தூர், திருப்பதிப் பட்டயக் கணக்காளர்களின் நிலை வேறு. சத்யம் நிகழ்வுக்குப் பின் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிற நிறுவனங்களும் ஒரே தணிக்கை நிறுவனத்தை ஐந்தாண்டு வீதம் இரண்டு தவணைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று விதித்தது. சுழற்சியால் சிறிய அலுவலகங்களுக்கும் பங்கு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அப்போது இருந்தது. நடைமுறையில் ஒரு பெரிய நிறுவனத்தின் கையிலிருந்து இன்னொரு பெரிய நிறுவனத்தின் கைக்கே வேலை மாறிற்று என்று சிறு அலுவலகத்தார் மனம் புழுங்குகின்றனர். வங்கிகளுக்காகக் கடனாளரின் சரக்கைச் சோதிக்கும் ‘ஸ்டாக் ஆடிட்’, வங்கிக் கிளைத் தணிக்கை, வரி வேலைகள் ஆகியவையே அவர்களின் அன்றாடம்.

2018 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையத்துக்கும் பட்டயக் கணக்காளர் கழகத்துக்கும் 2024இல் எழுந்த கருத்து வேறுபாடு, சரக்குக்கும் கையெழுத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியைப் பற்றியதே. குழுமம் ஒன்றின் துணை நிறுவனத்தையோ கிளையையோ வேறொரு தணிக்கையாளர் பார்த்திருந்தால், முதன்மைத் தணிக்கையாளர் அதைக் குறிப்பிட்டு, அவருடைய அறிக்கையைச் சார்ந்து தம் கருத்தைக் கூறலாம் என்று பழைய தரநிலை 600 இடமளித்தது. முழுப் பொறுப்பும் முதன்மைத் தணிக்கையாளருடையதே என்ற உலக வழக்கத்தை நோக்கி அதைத் திருத்த ஆணையம் முனைந்தது. அப்படிச் செய்தால் பெரிய நிறுவனங்கள் எல்லா வேலையையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும், சிறிய அலுவலகங்கள் நசிந்துவிடும் என்று கழகம் எதிர்த்தது. சத்யத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு ஆணையத்தின் வாதமே வலுவாகத் தோன்றும். எண்ணியவரை அறியாமல் எண்ணிக்கைக்குக் கையெழுத்திடுவதில் உள்ள ஆபத்து சிறியதன்று. ஆனாலும் தோத்தாபுரிப் பருவத்தில் சித்தூர் ஆலையின் எடைமேடையில் நிற்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அதனால் தீர்வதில்லை. அந்த வேலைக்கு உள்ளூர் அலுவலகத்தைத் தம் மேற்பார்வையில் சேர்த்துக்கொள்வதா, ஊரும் பருவமும் தெரியாத தம் குழுவையே சென்னையிலிருந்து அனுப்புவதா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, கையெழுத்திடும் பங்காளியிடமே வந்து நிற்கும்.